பிடிக்கு மேலே இருந்த பொட்டு

சென்ற வாரம் உங்களில் ஒருவர், வில்லின் இழுவிசையை அளக்கும் தராசை வாங்கிச் செல்வதற்காகத் திருப்பதியில் என் வீட்டுக்கு வந்தார். வில் போட்டிகளின் கருவிப் பரிசோதனைக் குழுவிலிருந்து ஓய்வு பெறும்போது அதன் பொருள்கள் அனைத்தையும் பட்டியல்படி ஒப்படைத்திருந்தேன். தராசு மட்டும் என்னிடம் நின்றுபோயிருந்தது. அதன் வட்ட முகப்பின் மேல்விளிம்பில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருப்பதைக் கண்டு, நல்லெண்ணத்தோடு கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். சற்று அழுத்தமாகவே பிடித்திருக்க வேண்டும். தராசைப் பிறகு அனுப்புவதாகச் சொன்னேன். காரணம் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது; கேட்கவில்லை.

அந்தக் காரணத்தை எழுத்தில் தருவதே முறை என்று தோன்றுகிறது. இனிப் பரிசோதனை மேசைக்குப் பின்னால் உட்காரப்போகிறவர்கள் நீங்கள். வில்லை எப்படிப் பிடித்து அளப்பது, நாணை எங்கே தொட்டுப் பார்ப்பது என்பவையெல்லாம் கையேட்டில் இருக்கின்றன. கையேட்டில் இல்லாத ஒன்று எனக்கு ஒருமுறை நேர்ந்தது. அதில் தவறு முழுவதும் என்னுடையது.

நான் தொழிலால் இயற்பியல் ஆசிரியன். நம் பக்கத்தில் நாட்டு வில் போட்டிகள் தொடங்கியபோது, வளைந்த கழிக்குள் எவ்வளவு விசை சேர்ந்திருக்கிறது என்று கணக்கிடத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில், கருவி விதிகளை எழுதும் வேலை என்னிடம் வந்தது. மூங்கிலோ மரமோ, வில் ஒரே கழியாக இருக்க வேண்டும். நாண் நாரால் திரித்ததாக இருக்க வேண்டும். அம்பின் இறகு பறவையின் இறகாக இருக்க வேண்டும். குறி பார்க்க உதவும் கருவி எதுவும் கூடாது. இவ்வளவுதான் எழுதினேன். ஆனால் நாட்டு வில் என்பதற்கு ஒவ்வொருவரும் ஒரு பொருள் வைத்திருந்தார்கள். ரேணிகுண்டாவிலிருந்து வந்த ஒருவர், தண்ணீர்க் குழாயைச் சூடுகாட்டி வளைத்து, பழுப்புச் சாயம் பூசி, கணுக்கள்கூட வரைந்து கொண்டுவந்திருந்தார்.

"இது என்ன மூங்கில்?" என்றேன்.

"ஒர்க்‌ஷாப் மூங்கில் சார். எங்க ரேணிகுண்டா பக்கம் இதான் வளருது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த வில்லை வெளியே வைப்பதற்குக் கண் இருந்தால் போதுமாயிருந்தது.

பாஸ்கர் என்ற இன்னொரு போட்டியாளரின் வில் வேறு மாதிரி. நல்ல மூங்கில், நன்றாகத் திரித்த நாண். பிடிக்கு மேலே, எய்பவரின் முகத்தை நோக்கிய உட்புறத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று குங்குமப் பொட்டுகள் இருந்தன. ஆயுதபூஜை முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன. அந்தப் பருவத்தில் லாரி முதல் தையல் இயந்திரம் வரை பொட்டில்லாத கருவியை நம் மாவட்டத்தில் காண்பது அரிது. ஆகவே நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் இருபது, முப்பது, நாற்பது மீட்டர் ஆகிய மூன்று தொலைவிலும் அம்புகளை ஒரே இடத்தில் குவித்த பிறகுதான் கூப்பிட்டேன்.

"மூணு பொட்டு எதுக்குப்பா?"

"மூணு சாமிக்கு சார். மேல பெருமாளு, நடுவுல தாயாரு, கீழ எங்க குலதெய்வம்."

"இருபது மீட்டர்ல பெருமாளைப் பார்த்து எய்யறே. நாற்பதுக்குப் போனா குலதெய்வத்தைப் பார்க்கறே. அது ஏன்?"

"தூரம் ஆவ ஆவ, சொந்த சாமிதான் சார் ஒதவும்" என்றார் கூசாமல்.

தொலைவுக்கு ஒன்றாகக் குறி பார்ப்பதற்கே அந்தப் பொட்டுகள் என்பது தெளிவாயிற்று. நான் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, காயத்துக்குக் கட்டும் துணிச் சுருளிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்து, மூன்று பொட்டுகளும் மறையும்படி வில்லைச் சுற்றிக் கட்டினேன். மறுபடி எய்யச் சொன்னேன். நாற்பது மீட்டரில் ஆறு அம்புகளில் நான்கு பலகைக்கே வெளியே போயின. அவர் வில்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தத் துணிப் பட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரமே புதிய விதியை எழுதினேன். வில்லின் உட்புறத்தில், பிடிக்கு மேலே, எவ்வித அடையாளமும் இருத்தல் கூடாது. இருப்பின் துடைத்த பிறகே அனுமதி. ஓட்டையே இல்லாத வாக்கியம் என்று குழுவில் பாராட்டினார்கள். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. எழுதும்போது என் மனத்தின் முன் நின்றவர் பாஸ்கர் ஒருவர்தான். வேறு எவரையும் நான் அங்கே நிற்கவைத்துப் பார்க்கவில்லை.

மறு ஆண்டு, ஆயுதபூஜைக்கு அடுத்த வாரம், சித்தூரில் ஒரு பள்ளி மைதானத்தில் தேர்வுப் போட்டி. அதில் முதல் நான்கு இடங்களில் வருகிறவர்கள் மாநிலப் போட்டிக்குப் போகலாம். காலையில் ஏறத்தாழ எல்லா வில்களும் புதுப் பொட்டோடுதான் மேசைக்கு வந்தன. துடைக்கச் சொன்னேன், முணுமுணுப்பின்றித் துடைத்தார்கள். ஒருவர் வில்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமீ, கோச்சிக்காத. சாயங்காலம் வூட்டுக்குப் போய் புச்சா வெச்சிடறேன்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார்.

வரிசையின் பின்பகுதியில் தேசம்மா வந்தார். நாராயணவனத்தில் விசைத்தறிக் கூடம் ஒன்றில் வேலை செய்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். முன்பு வந்தபோதெல்லாம் வில்லைச் சுமந்துகொண்டு கணவர் ஏகாம்பரமும் கூட வருவார். வில்லைச் செய்தவரும் அவரே. இம்முறை தேசம்மா தனியாக வந்திருந்தார். வில்லின் உட்புறத்தில் பாதி மிளகளவுக்கு ஒரு கறை இருந்தது. எண்ணெயில் குழைத்து வைத்த குங்குமம் மூங்கிலுக்குள் ஊறிக் கறுத்துப்போயிருந்தது.

"இதைத் துடைக்கணும்மா" என்றேன்.

"அது அவரு வெச்சது சார்."

"யாரு?"

"எங்க வூட்டுக்காரு. போன வருஷம் பூஜைக்கு வெச்சாரு. ஆடி மாசம் பூட்டாரு சார். மார்வலிக்குதுன்னு உக்காந்தாரு, அவ்ளோதான்."

எனக்குத் தெரியாதென்று சொன்னேன். வருத்தத்தையும் தெரிவித்தேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. வில்லை என் பக்கம் இன்னும் நெருக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

"இந்த வருஷம் வூட்ல துக்கம் சார். பூஜை இல்ல, பொட்டு வெக்கல. இருக்கறது பழசு. பாருங்க, கண்ணுக்கே தெரியல. இத்தினிக்காண்டு."

அவர் சொன்னது உண்மை. அந்த ஒற்றைக் கறையை வைத்துக்கொண்டு எவராலும் குறி பார்த்திருக்க முடியாது. அது எனக்கு அக்கணமே தெரிந்தது. நான் பேசுவதற்குள், பின்னால் நின்ற இன்னோர் அணியின் மேலாளர் குரல் கொடுத்தார்.

"சார், எங்க பசங்க பதினாலு பேரும் தொடச்சிட்டு நிக்கறாங்க. ரூலுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? அழுதா ஒரு ரூலு, அழுவாட்டி ஒரு ரூலுன்னா சொல்லிடுங்க, நாங்களும் ஒரு பக்கம் உக்காந்து அழுவறோம்."

தேசம்மா திரும்பிப் பார்த்தார். "நான் அழுவலண்ணா. உங்க பசங்களுக்கு நாளைக்கே வெச்சி வுட ஆள் இருக்குது. எனுக்கு இல்ல. அதத்தான் சொல்றேன்."

மேலாளர் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறவில்லை.

"வேற வில் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். ஸ்டேட்டுக்கு ஒரு தபாவாவது போவணும்னு இத அவரு செஞ்சி குடுத்தாரு. நாலு மாசம் வெச்சி வெச்சி சீவனாரு."

அவர் முன் இருந்தது இவ்வளவே. பொட்டைக் காப்பாற்றினால், அவர் கணவர் ஆசைப்பட்ட போட்டி போய்விடும். போட்டிக்குப் போனால், அவர் கணவர் கை பட்ட பொட்டு போய்விடும். அதைத் தீர்மானிக்க வேண்டிய நிலையில் அந்நியனான நான் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது என் மனம் எப்படி வேலை செய்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். உங்களுக்குப் பயன்படக்கூடியது அதுதான். மணி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வரிசை நீண்டிருந்தது. ஐம்பது பேருக்கு மேல் துடைத்திருந்தார்கள். ஒருவருக்கு விலக்கு அளித்தால் அடுத்த ஆண்டு ஒவ்வொரு பாஸ்கரும் ஒரு துக்கத்தைச் சொல்லிக்கொண்டு வருவான் என்று நினைத்தேன். இவையெல்லாம் நேர்த்தியாக ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நேர்த்தியாக வந்ததாலேயே முழுமையானவை என்று நம்பினேன்.

"பத்து நிமிஷம் தரேம்மா" என்றேன்.

பிறகு, எண்ணெய்க் கறை தண்ணீருக்குப் போகாது என்பது நினைவுக்கு வந்தது. அந்த அம்மாள் சிரமப்படக் கூடாதே என்று முதலுதவிப் பெட்டியைத் திறந்து, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் கையாலேயே கொடுத்தேன். அது அதே பெட்டி. பஞ்சுக்கு மேலே கட்டுத்துணிச் சுருள் இருந்தது. அதை நகர்த்திவிட்டுத்தான் பஞ்சை எடுத்தேன்.

தேசம்மா மைதானச் சுவரோரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஏழெட்டு நிமிடம் கழித்து வந்தார். பொட்டு இருந்த இடம் மற்ற இடத்தைவிட வெளுத்திருந்தது. செந்நிறம் ஏறிய பஞ்சைக் கீழே போடாமல் துப்பட்டாவின் முனையில் முடிந்திருந்தார். நான் படிவத்தில் கையெழுத்திட்டேன்.

அன்று அவர் மிக நன்றாக எய்தார். இரண்டாவதாக வந்து மாநிலப் போட்டிக்குத் தேர்வானார். கடினமான முடிவாக இருந்தாலும் சரியான முடிவு என்று உடனிருந்த நடுவரிடம் சொன்னேன். அவரும் ஆமோதித்தார்.

மாலையில் வீடு திரும்பிச் சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். ஓரளவு பெருமையோடுதான் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன்னா, அந்தக் குங்குமம் அவளுக்குக் குறி பார்க்க ஒதவியிருக்குமோ?"

"உதவாது. ஒரே பொட்டு, அதுவும் மங்கிப்போனது. ஆனா விதின்னு ஒண்ணு..."

"போன வருஷம் அந்த மூணு பொட்டுக்காரனுக்குத் துணி சுத்திப் பார்த்தேன்னு சொன்னேளே. அதையே இவளுக்கும் சுத்தி விட்டிருக்கப்படாதோ?"

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மறைத்தால் போதும் என்பதை முந்தைய ஆண்டே ஆறு அம்புகளை வைத்து நிரூபித்தவன் நான்தான். பொய் சொன்னவரிடம் அதைச் செய்தேன்; உண்மை சொன்னவரிடம் செய்யவில்லை. எல்லோருடைய பொட்டையும் அப்படியே துணியால் மறைத்திருந்தால், எவருக்கும் விலக்கு அளிக்க நேர்ந்திருக்காது; அந்த மேலாளருக்கும் பேச இடமிருந்திருக்காது. தேவைப்பட்டது இரண்டு விரல் அகலத் துணி. முப்பத்திரண்டு ஆண்டு இயற்பியல் கற்பித்த எனக்கு அது தோன்றவில்லை. மைதானத்தையே பார்த்திராத அவளுக்குத் தோன்றியது.

அவள் மோர்ப் பாத்திரத்தை எடுத்தாள். "மோர் விடட்டுமா?" என்று கேட்டாள்.

போட்டி நடந்த அந்த ஞாயிறு முடிந்ததும், வடமாலபேட்டை வழியாகப் பேருந்து பிடித்து நாராயணவனம் போனேன். தறிக்கூடத்தின் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு தேசம்மா வெளியே வந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறியது.

"சார்? இன்னா சார் நீங்க இங்க? செலக்‌ஷன்ல எதுனா தப்பா பூட்ச்சா?"

"இல்லம்மா. செலக்‌ஷன்ல ஒண்ணும் இல்ல. தப்பு என்னோடது" என்றேன்.

துணியால் மறைத்திருக்கலாம் என்பதையும், விதியை அப்படி மாற்றப்போவதையும் சொன்னேன். தறிகளின் ஓசையில் சற்று உரக்கவே சொல்ல வேண்டியிருந்தது. அத்தகைய செய்தியை உரக்கச் சொல்வது எவ்வளவு கடினம் என்று அன்று அறிந்தேன். அவர் கைகளைத் துப்பட்டாவில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தத் துணி அன்னிக்கி பொட்டியில இருந்திச்சா சார்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்பதும் தெரிந்தது.

"இருந்ததும்மா" என்றேன்.

உள்ளே ஒரு தறி நின்று மறுபடி ஓடத் தொடங்கியது.

"நீங்க பஞ்சு எடுக்கசொல்ல நானும் பாத்தேன் சார். வெள்ளையா சுத்தி வெச்சிருந்திச்சி. எனுக்கும் தோணலியே."

"உங்களுக்குத் தோண வேண்டியதில்லம்மா. எனக்குத் தோணியிருக்கணும்."

"சரி வுடுங்க சார். பஞ்ச வெச்சிக்கினுதான் இருக்கறேன். ஸ்டேட்டுக்குப் போவசொல்ல எடுத்துக்கினு போறேன். அவரு வெச்சது அதுல இருக்குது இல்ல." பிறகு வெளியே சாலையைப் பார்த்தார். "உங்களுக்கு மூணு மணி பஸ்ஸு சார். அத வுட்டா அஞ்சுக்குதான்."

சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மாநிலப் போட்டியில் அவர் பதினெட்டாவது இடத்துக்கு வந்தார். அதன்பிறகு நம் போட்டிகளுக்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்டனுப்பவில்லை. விதியை மாற்றினோம். பிடிக்கு மேலே உள்ள அடையாளத்தைத் துணியால் மறைத்தல் போதும். துடைக்கச் சொல்லுதல் கூடாது. குழுவில் இதை முன்வைத்தபோது முதலில் கையுயர்த்தியவர், அன்று ஆட்சேபித்த அந்த மேலாளர்தான். கையேட்டில் இந்த விதியைப் படித்துவிட்டு, இவ்வளவு அற்பமான விஷயத்துக்கு ஒரு விதி ஏன் என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். இப்போது தெரிந்திருக்கும்.

இனி தராசு.

ஒவ்வோர் ஆயுதபூஜைக்கும் என் மனைவி என் அளவுகோல்களையும் இந்தத் தராசையும் ஒரு பலகையில் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். தராசில் மட்டும் வேண்டாம், அளவுக் கருவியில் எதுவும் ஒட்டக் கூடாது என்று ஆண்டுதோறும் தடுப்பேன். சென்ற ஆண்டு, முகப்பின் விளிம்பில் மோதிர விரலால் ஒற்றிவிட்டு, "எடை எவ்வளவு கூடிடுத்து, சொல்லுங்கோ" என்றாள். கணக்கில் வராத அளவு என்று ஒப்புக்கொண்டேன். "அப்போ இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

பங்குனியில் அவள் காலமானாள். இந்த ஆண்டு வீட்டில் துக்கம். பூஜை இல்லை, பொட்டு வைக்கவில்லை. இருப்பது பழசு.

விதிகளைத் தளர்த்துங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாஸ்கரைப் போன்றவர்கள் இன்னும் வருவார்கள். ஒரு விதி எதைத் தடுக்க வந்ததோ, அதைத் தடுப்பதற்கு ஒரு மனிதரிடம் எவ்வளவு குறைவாகக் கேட்க முடியும் என்று முதலில் பாருங்கள். அவ்வளவுக்கு மேல் கேட்காதீர்கள். நேரமில்லை என்று தோன்றினால், பெட்டியில் என்னென்ன இருக்கிறதென்று ஒருமுறை பார்ப்பதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தராசை இத்துடன் அனுப்புகிறேன். முகப்பின் மேல்விளிம்பில் ஒரு துணிப் பட்டை சுற்றியிருக்கும். பட்டையுடனேயே பத்து, இருபது, முப்பது பவுண்டு எடைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். முள் சரியாக நிற்கிறது. பட்டை அழுக்கடைந்தால் அவிழ்க்க வேண்டாம். அதன் மேலேயே இன்னொன்றைச் சுற்றிவிடுங்கள்.